வெள்ளைப் புள்ளி வைத்த கம்பி

என் அண்ணி மாதம் ஒரு புட்டி சிவப்பு நெயில் பாலிஷ் வாங்குவார். அவர் விரல்களில் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஃபேன்ஸி கடைக்காரம்மா ஒவ்வொரு முறையும், "எந்த விரலுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்பார். அண்ணி வெளியே நிற்கும் வண்டியைக் கைகாட்டி, "அவளுக்கு நூத்திப்பத்து விரல்" என்பார்.

வண்டிக்கு அடியில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவது அண்ணியின் வழக்கம். மறுநாள் காலையில் கோணியை விரித்து, டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்ப்பார். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு உடைந்து விலகி நின்றால் நட்டு கழன்றுகொண்டிருக்கிறது. பதினோரு வருடமாக, பல் தேய்ப்பதற்கு முன்பே இந்த வேலை.

எங்கள் குடியிருப்பு மலைமேல் இருக்கிறது, ஆஸ்பத்திரி அடிவாரத்தில். நடுவில் பதினான்கு கிலோமீட்டர் பாதை, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். பாதி ரோடு மழையில் சரிந்துபோன நாளிலிருந்து பஸ் மேலே வருவதில்லை. புதன்கிழமைதோறும் நோயாளிகளைக் கீழே இறக்கிக்கொண்டுபோய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர் அண்ணிதான். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். மலையில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். "நாலாவது வளைவுல அடிச்சிட்டாங்க, வரத்துக்கு இன்னும் அரை மணி ஆகும்" என்று உலை வைப்பார்கள்.

அண்ணியின் அப்பா லாரி ஓட்டியவர். அம்மா இல்லாத பிள்ளையை வீட்டில் விட மனமில்லாமல் கேபினிலேயே வளர்த்தார். எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் இல்லை. கியர் மாறும் சத்தத்தில் தூங்கி, கியர் மாறாவிட்டால் விழித்துக்கொள்ளும் பிள்ளையாக இருந்ததாக அவரே சொல்வார். அப்படிப்பட்டவர் வாழ்க்கைப்பட்டது என் அண்ணனுக்கு. அண்ணன் தையல்காரர். வண்டி என்றால் அவருக்குக் குமட்டும். கல்யாணம் முடிந்து அண்ணி ஓட்டிய வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னவர், அதற்குப்பின் எந்த வண்டியிலும் ஏறவில்லை. "என் புருஷன் கால்நடை" என்று அண்ணி சொன்னால், "நடந்தாத்தான் தையல் நேரா வரும்" என்பார் அண்ணன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் தெருவிலும் நான்தான் முதல். இயந்திரப் பொறியியல். அண்ணன் என் சான்றிதழை லேமினேட் செய்து, தையல் மெஷினுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். அளவு கொடுக்க வருபவர்கள் கையைத் தூக்கி நிற்கும்போது அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். அண்ணிக்கு அதற்குமேல் பெருமை. மிக்ஸி நின்றாலும், வானொலி கரகரத்தாலும், "இஞ்சினியர் லீவுல வரட்டும்" என்று எடுத்து வைத்துவிடுவார். நான் வேலை பார்ப்பது கார் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்யும் தொழிற்சாலையில். ரப்பரின் தடிமன் சரியா என்று அளப்பேன். அதை நான் வீட்டில் விளக்கிச் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

இந்த வருடம் நான் ஒரு வாரம் லீவில் வந்தபோது வாசலில் வேறு வண்டி நின்றது. பதினோரு வருடம் ஓடிய பழைய ஜீப்பின் அடிச்சட்டம் துருவேறி விரிசல் விட்டுவிட்டது. ஒரு சுரங்கக் கம்பெனி ஏலத்தில் விட்ட, இருபத்திமூன்று வயதான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை அண்ணி பிடித்து வந்திருந்தார். பழைய ஜீப்பை 'அவ' என்பார். புதியதை 'மாப்பிள்ளை' என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சு தம்பி. எது பிடிக்கும், எது ஒத்துக்காது, ஒண்ணும் புரியல. அடியில பாதி எனக்குத் தெரியாத சாமான். நல்லவேளை நீங்க வந்தீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கோணி விரித்து இருவரும் அடியில் படுத்தோம். அங்கே சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ஏழெட்டு இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

"சிவப்பு எனக்குத் தெரிஞ்சது. வெள்ளை தெரியாதது. தெரியுறவரைக்கும் வெள்ளையைத் தொடறதில்ல" என்றார்.

முதல் வெள்ளைப் புள்ளி, கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த இன்னொரு பெட்டியில் இருந்தது. அதிலிருந்து முன்னுக்கு ஒரு தண்டும் பின்னுக்கு ஒரு தண்டும் போயின. இது பாடத்தில் வந்தது. இன்ஜினின் இழுப்பை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதன் குட்டி கியரைப் போட்டால் வண்டி ஆமைபோல் நகரும், ஆனால் எந்தச் சரிவிலும் இன்ஜினே பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். உள்ளே சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது சின்ன லீவர் எதற்கு என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வெள்ளையைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு வைத்தார்.

முன் அச்சுக்கு அருகில் படுக்கை வாக்கில் ஒரு ஷாக் அப்சார்பர் கிடந்தது. "இவரு ஏன் படுத்துக்கிட்டாரு?" என்றார். ஸ்டீயரிங் உதறாமல் இருக்க அது என்று சொன்னேன். அதுவும் சரி. பின் அச்சின் தலையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் மேலே ஏறி, எதிலும் சேராமல் அந்தரத்தில் முடிந்தது. அறுந்துபோனதோ என்று நான் சந்தேகப்பட்டுக் கொண்டிருக்கையில், அண்ணி அதில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். "இது மூச்சுக்குழாய் தம்பி. ஓடிச் சூடான அச்சு, ஓடையில இறங்குனா சட்டுனு குளிரும். அப்ப காத்த உள்ள இழுக்கும். குழாய் மேல இருந்தா காத்து போகும், கீழ இருந்தா தண்ணி போகும்." அவர் சொன்னது சரிதான். எனக்கு அது தெரியாது. தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. "ஆமா அண்ணி" என்றேன், எனக்கும் முன்பே தெரிந்ததுபோல.

கடைசி வெள்ளைப் புள்ளி பின் அச்சுக்குச் சற்று மேலே, வண்டியின் சட்டத்தில் பதித்த கைப்பிடி அளவு இரும்புக் கட்டியின் கம்பியில். கட்டியிலிருந்து ஒரு சின்ன இரும்புக் கை நீட்டியிருந்தது. கையின் நுனியிலிருந்து அந்த முழ நீளக் கம்பி இறங்கி அச்சோடு சேர்ந்திருந்தது. மேல் முனையில் ரப்பர் தேய்ந்து, கம்பி தொளதொளத்தது. தட்டினால் டக் டக்.

"இந்தச் சத்தந்தான் தம்பி தாங்கல. ஒரு குழி விட மாட்டேங்குது. இந்தச் சத்தத்துக்குள்ள வேற சத்தம் ஒளிஞ்சுக்கும். நான் காதாலதான் ஓட்டுறேன். இது என்ன, வேணுமா, வேணாமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொழிற்சாலையில் ஒரு புதுக் காரின் அடியில் இதேபோல் ஒரு கையும் கம்பியும் பார்த்திருந்தேன். பின்பக்கம் எடை ஏறினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும், அதைத் தாழ்த்த அளவு சொல்லும் கருவி அது என்று யாரோ சொன்னார்கள். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் என்மேல் இருந்தது.

"ஹெட்லைட் மட்டம் பாக்குற கருவி அண்ணி" என்றேன். "இந்த வண்டில ஹெட்லைட்டையே கம்பி போட்டுக் கட்டிருக்கு. இதுக்கு என்ன மட்டம்? கழட்டிடலாம்."

"குழாய் ஏதோ போற மாதிரி இருக்கே."

"ஒயர் அதுக்குள்ள போகும்."

அண்ணி இன்னும் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். கம்பியைக் கழற்றி, அதன் நட்டு, வாஷர், தேய்ந்த ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசை மாறாமல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டார். கை தொங்கியது. சத்தம் நின்றது.

திங்கட்கிழமை வண்டியைக் காலியாக ஐந்தாம் வளைவுவரை ஓட்டிப் பார்த்தார். பிரேக், ஸ்டீயரிங், எல்லாம் சரி. திரும்பி வந்து, "இஞ்சினியர் கை வெச்சதும் மாப்பிள்ளை வாய மூடிட்டாரு" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மெஷினிலிருந்து நிமிர்ந்து சான்றிதழை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு மாப்பிள்ளை முதல் முறையாக ஆளேற்றிக் கிளம்பியது. குடியிருப்பிலிருந்து நர்ஸம்மாவும் ஐந்து பேரும். இரண்டாவது வளைவில் ரிட்டயர்டு தபால்காரரும் அவர் மனைவியும் ஏற வேண்டும். நான்காவது வளைவில் மளிகைக் கடைக்காரர் மகள். அவளுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பத்தரைக்குள் டாக்டரிடம் காட்டியாக வேண்டும் என்று நர்ஸம்மா முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். அண்ணியைச் சேர்த்துப் பத்துப் பேர், அதோடு ஆஸ்பத்திரிச் சமையலுக்கு நான்கு மூட்டை உருளைக்கிழங்கு.

நான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணிக்காக ஒரு படம் வரைந்துகொண்டிருந்தேன். வண்டியின் அடிப்பாகம் முழுக்க, ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் எழுதி, வண்டிக் கொட்டகைச் சுவரில் மாட்ட ஒரு பெரிய தாள். ஞாயிறன்று போனில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பெயர் சொல்வது வேறு, வரைவது வேறு. வரையும்போது ஒவ்வொரு கோடும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தாக வேண்டும். அந்த இரும்புக் கட்டிக்கு வந்தபோது ஒயரைத் தேடினேன். ஒயர் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். கட்டிக்குள் நுழைந்ததும் வெளியே வந்ததும் மெல்லிய இரும்புக் குழாய்கள். முனையில் பித்தளை நட்டு. அடுத்த படத்தில் அதே குழாய் பின் அச்சின்மேல் இரண்டாகப் பிரிந்து, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று போனது.

சக்கரத்துக்குப் போகும் குழாயில் பிரேக் எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஓடாது. அது முதல் வருடப் பாடம்.

பின்னால் எடை ஏறினால் வண்டியின் சட்டம் தாழும். கம்பி கையை மேலே தள்ளும். கை மேலே போனால் கட்டி பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக்கைத் திறந்துவிடும். எடை இல்லாதபோது குறைவாகத் திறக்கும். நாங்கள் கம்பியைக் கழற்றிவிட்டோம், கை தொங்குகிறது. வண்டியில் எத்தனை பேர் ஏறினாலும் அந்தக் கட்டிக்கு அது காலி வண்டிதான். திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தது உண்மையிலேயே காலி வண்டி. அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. இன்று பத்துப் பேர், நான்கு மூட்டை, இறக்கம். பாரம் முழுவதையும் முன் சக்கரங்கள் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். பிடிக்கப் பிடிக்கச் சூடேறும். சூடேறினால் ஒரு கட்டத்தில் பிடிக்காது.

மணி எட்டு இருபத்தைந்து. அண்ணிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நர்ஸம்மாவுக்குப் போட்டேன், அதே குரல். கீழே எங்கோ இரண்டு முறை ஹாரன் கேட்டது.

"அண்ணே, அது எத்தனாவது வளைவு?"

"மூணாவது" என்றார் அண்ணன், தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்தார். "ஏண்டா மூஞ்சி இப்படிப் போச்சு?"

"பிரேக்கக் கழட்டிட்டேன்."

"என்னது?"

"அண்ணி வண்டில. தெரியாமச் சொல்லிட்டேன். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும்."

அண்ணன் மெஷினில் இருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் கொட்டகைக்கு ஓடினேன். பிஸ்கட் டப்பா அலமாரியில் இருந்தது. பக்கத்தில் கம்பி. அதன்மேல் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. நான் பெயர் சொன்ன பிறகும் அண்ணி அதற்குச் சிவப்பு வைக்கவில்லை.

வளைவுகளுக்குக் குறுக்கே விறகு சுமப்பவர்கள் இறங்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. கம்பியை ஒரு கையிலும் டப்பாவை மறுகையிலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அண்ணன் பின்னால் வந்தார். மேலே எங்கோ அவர் செருப்பு அறுந்து, அவர் அதைத் திட்டுவது கேட்டது.

முதல் வளைவைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். தபால்காரர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, ஏறிவிட்டார்கள். நான்காவது வளைவின் ஹாரன் கேட்டது. அங்கே கடைக்காரர் மகளை ஏற்ற ஐந்து நிமிடமாவது நிற்பார்கள். அதற்குள் போய்விட்டால் போதும். நான்கிலிருந்து ஏழுவரைதான் மலையிலேயே செங்குத்தான இறக்கம். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் வாசலில் தனியாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் போனாங்க. ஏன், எதையாச்சும் மறந்துட்டாங்களா?"

கையிலிருந்த கம்பியைப் பார்த்து அப்படிக் கேட்டார். "ஆமா" என்றுவிட்டு மறுபடியும் பாதையில் குதித்தேன்.

ஐந்தாவது வளைவின் ஹாரன் கேட்டது. இரண்டு முறை. வழக்கம்போல. நான் ஓடிக்கொண்டே ஆறாவதுக்காகக் காதைத் தீட்டினேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மூன்று நிமிடம். மூன்று நிமிடம் ஆனது. இன்னும் கொஞ்சம் ஆனது. ஹாரன் வரவில்லை. காற்றில் ஒரு நாற்றம் வந்தது, ரப்பரையும் நகத்தையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல. தொழிற்சாலையில் ரப்பர் கருகி முகர்ந்திருக்கிறேன். இது அதில்லை. கால் தானாக நின்றுவிட்டது. பார்க்கப் பயந்து நின்றேன் என்பதுதான் உண்மை. அண்ணன் பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"போடா" என்றார். "நின்னா ஆகாது."

புதர் விலகி ரோடு தெரிந்தது. மாப்பிள்ளை மலைப்பக்க மண்சுவரில் மூக்கைச் சாய்த்து நின்றது. முன் சக்கரங்கள் இரண்டிலும் புகை. நான்கு சக்கரங்களுக்கும் கல் போட்டிருந்தது. ரோட்டோரத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் இரண்டு முறை எண்ணினேன். ஒன்பது. பத்தாவது ஆள், அண்ணி, சக்கரத்துக்கு முன் குந்தி உட்கார்ந்திருந்தார். தபால்காரர் தண்ணீர்க் குடத்தோடு நிற்க, அண்ணி அவரைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

பிறகு என்னையும், என் கையிலிருந்த கம்பியையும், மூச்சு வாங்க வந்து நிற்கும் தன் புருஷனையும் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருந்தது.

"ஹெட்லைட்டா தம்பி?" என்றார்.

"பிரேக் அண்ணி. எடைக்குத் தக்கப் பின் பிரேக்கைக் கூட்டுறது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடந்ததை நர்ஸம்மாதான் சொன்னார். ஐந்தாவது வளைவு தாண்டியதும் பெடல் கீழே போகத் தொடங்கியிருக்கிறது. அண்ணி கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, மண்சுவரில் உரச விட்டு நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுவது, நேராகப் பின் சக்கரத்தைப் பிடிப்பது. நான் தொட்ட கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எல்லாரும் இறங்கின பிறகுதான் இவங்க சீட்டை விட்டு இறங்கினாங்க" என்றார் நர்ஸம்மா. பிறகு என்னிடம், "மணி ஒம்பது. இந்தப் பொண்ணுக்கு இப்பத்தான் பாத்தேன், அழுத்தம் இன்னும் ஏறியிருக்கு. தலை வலிக்குதுங்கறா. நடத்தவும் முடியாது, உக்கார வெக்கவும் முடியாது. என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

கடைக்காரர் மகள் தபால்காரர் மனைவியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"கம்பியை மாட்டிட்டா சரியாயிருமா?" என்று அண்ணி என்னைக் கேட்டார். டார்ச் இல்லை, பகல் வெளிச்சம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே பார்வை.

"குழாய் பிரேக் குழாய்தான், அது நிச்சயம். கம்பி எடைக்காகத்தான்னு நினைக்கிறேன். நிச்சயமாத் தெரியாது."

"அப்ப தெரிஞ்சுக்குவோம்" என்றார் அண்ணி.

சக்கரங்கள் ஆறும் நேரத்தில் கம்பியை மாட்டினோம். "மேட்டுப் பக்கமாப் படுங்க. உருண்டா நம்மள விட்டுட்டுப் போகும்" என்று எனக்கு இடம் காட்டினார். தேய்ந்த ரப்பருக்குப் பதில் தன் சேலை முந்தானையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினார். டப்பாவிலிருந்து அவர் கேட்காமலேயே வாஷர், நட்டு என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் தொலைந்திருக்கவில்லை.

"இப்ப ஒவ்வொருத்தரா ஏறுங்க" என்று வெளியே குரல் கொடுத்தார். "அந்தப் பொண்ணு வேணாம். நர்ஸம்மா, அவ பக்கத்துலயே இருங்க."

தபால்காரர் ஏறினார். கட்டியின் கை அசைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி ஏறினார். குடியிருப்புக்காரர்கள் ஐந்து பேரும் ஏறினார்கள். மேலே சட்டம் முனகியது. இரும்பு என் முகத்துக்கு ஒரு சாண் மேலே தாழ்ந்து வருவதைப் பார்த்தேன். கம்பி கையை மேலே தள்ளியது.

"அசையுது அண்ணி."

"எவ்வளவு?"

"தெரியல, கொஞ்சம்."

"கொஞ்சமெல்லாம் ஒரு அளவா?" என்று வண்டிக்கு வெளியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. எப்போதும்போல அளவு டேப் அவர் கழுத்தில்தான் தொங்கியது. குனிந்து அதை உள்ளே நீட்டினார். எல்லாரையும் இறக்கி அளந்தேன், ஏற்றி அளந்தேன். ஒன்றே கால் அங்குலம்.

"இன்னும் எடை வேணும். நீங்களும் ஏறுங்க" என்றார் அண்ணி, புருஷனிடம்.

அண்ணன் வண்டியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஏறினார். பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஒன்றரை" என்றேன் நான். நின்ற வண்டியிலிருந்து அண்ணன் குதித்து இறங்கிப் புதருக்குப் போகும் சத்தம் கேட்டது. தபால்காரர் மனைவி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, அண்ணி முன் சக்கரங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தன. பெடலைப் பலமுறை மிதித்தார். மேலே வந்து நின்றது.

"தம்பி, நீங்க பின்னால ஏறுங்க. மூட்டை நாலும் இருக்கட்டும். அந்தப் பாறைவரைக்கும் போய்ப் பாக்கலாம்."

ஏறினேன். அண்ணி குட்டி கியரைப் போட்டார். இன்ஜின் சீறியது, வண்டி நகர்ந்தது. ஐம்பது அடியில் பெடலை மிதித்தார். பின் சக்கரங்கள் பிடித்ததை முதுகெலும்பில் உணர்ந்தேன். வண்டி மூக்கால் விழாமல், நான்கு காலிலும் நின்றது. இன்னொரு முறை மிதித்தார். மூன்றாவது முறையும்.

"பின்னால பிடிக்குது" என்றேன்.

"எனக்கும் கேக்குது" என்றார்.

மூட்டைகளை இறக்கினோம். கடைக்காரர் மகளையும் நர்ஸம்மாவையும் மட்டும் ஏற்றினோம். மற்றவர்கள் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் கூட வரவா என்று கேட்டேன். "உங்க எடை போதும், இறங்குங்க" என்றார் அண்ணி. மணி பத்து ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. குட்டி கியரின் சீற்றம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. அண்ணன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

ஆறாவது வளைவு. இரண்டு ஹாரன்.

"ஆறு" என்றார் தபால்காரர்.

ஏழுக்கு வெகு நேரம் ஆனது. அந்த இறக்கம் முடியும் இடம் அதுதான். ஹாரன் வந்ததும் அண்ணன் டேப்பைச் சுற்றுவதை நிறுத்தினார். எட்டு, ஒன்பது என்று சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. பத்தாவதை நான் கேட்கவில்லை, தபால்காரர் மனைவிதான் கேட்டார். பதினொன்றாவதுக்கு எல்லாரும் எழுந்து ரோட்டின் விளிம்புக்கு வந்து நின்றோம். மிக மெல்லியதாக, கொசுவின் ரீங்காரம்போல ஒன்று. பிறகு இன்னொன்று.

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மயக்கமா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

கடைக்காரர் மகளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆண் குழந்தை. எடை குறைவு, அழுகை பலம் என்று நர்ஸம்மா சொல்லியனுப்பினார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அண்ணி திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன். கடையில் புது ரப்பர் வாங்கி வந்திருந்தார். கோணியை விரித்தார், ஒன்றல்ல, இரண்டு. நான் போய்ப் படுத்தேன். கம்பியில் இருந்த வெள்ளைப் புள்ளியைச் சுரண்டிவிட்டு, சிவப்புப் புட்டியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வைங்க. அளந்தது நீங்கதான்."

வைத்தேன். கோடு கொஞ்சம் கோணியது. அவர் அதைத் திருத்தவில்லை. பிறகு டார்ச்சை இன்னும் உள்ளே திருப்பி, இன்ஜினுக்குப் பின்னால் இருட்டில் தொங்கும் ஒரு சின்னக் குழாயைக் காட்டினார்.

"இது என்ன தம்பி?"

நன்றாகப் பார்த்தேன். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்தேன். ஒரு முனை தெரியவில்லை.

"தெரியல அண்ணி."

"சரி" என்று வெள்ளைப் புட்டியைத் திறந்தார்.

அந்தப் படத்தை லீவு முடிவதற்குள் வரைந்து முடித்தேன். இப்போது அது கொட்டகைச் சுவரில் இருக்கிறது, லேமினேட் செய்து. அதில் இருபத்தேழு பெயர்கள் உண்டு. மூன்று இடத்தில் பெயர் இல்லை, வெள்ளைப் புள்ளி மட்டும். அளவு கொடுக்க வருபவர்களை அண்ணன் இப்போது கொட்டகைக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிறார்.